விருந்தாளி விளையாட்டு

ஜனவரி 9

அடி தங்கச்சி,

போனில் பேசக் கிடைக்கிற கொஞ்ச நேரத்திலும் பாதி நேரம் நீ மூக்கைச் சிந்துகிறாய். மீதி நேரம் உன் மகள் "யாரு பேசறது?" என்று கேட்டுவிட்டு ஓடிப்போகிறாள். இனிமேல் எழுதியே அனுப்பு. கடையில் ஆள் வராத மத்தியான நேரத்தில் நிதானமாகப் படித்துக்கொள்கிறேன்.

நானும் என் இஸ்திரிப் பெட்டியும் நலம். உன் மகள் நலமோ நலம், நாங்கள்தான் அவளிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறோம். நேற்று நடந்ததைக் கேள். நம் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறாரே பேங்க் மேனேஜர், அவர் பேன்ட்டை வாங்க வந்தார். இடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "துவைச்சதுல சுருங்கிப் போச்சோ?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தலை நீண்டது. "பேன்ட் சுருங்கல. நீதான் ஊதிட்டே!"

மனுஷன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றதில் இன்னொருத்தர் சட்டையின் முதுகு தீய்ந்துபோனது. அது தனிக் கதை.

ஆனால் போகும்போது அவர் ஒன்று சொன்னார், அதுதான் சுருக்கென்று தைத்தது. "அம்மா கூட இல்லாத பிள்ளை, அப்படித்தான் இருக்கும்." உன்னிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை, எழுதிவிட்டேன். அப்பா முகம் அவளுக்குத் தெரியாது. நீ வேலைக்குப் போனபோது உன் இடுப்பில் இருந்தவள். இப்போது ஏழு வயது ஆகப்போகிறது. என்னால் சட்டையைத்தான் மடிப்புக் கலையாமல் வைக்க முடிகிறது. இந்த வாலுவை என்ன செய்ய?

அக்கா

பி.கு.: உன் சிநேகிதி கொண்டுவந்து கொடுத்த நீலப்பூ போட்ட பீங்கான் கப் பத்திரமாக வந்தது. எங்கள் முரட்டுக் கைக்கு அது தாங்காது. வருகிறவர்களுக்கு என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். கடைசிப் பத்திக்கு வந்ததும் மடித்து வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினேன். அந்த மேனேஜர் சொன்னதில் என்ன தப்பு? நான் இங்கே இன்னொருத்தர் பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டும் குளிப்பாட்டிக்கொண்டும் இருக்கிறேன். என் பிள்ளையைப் பார்த்து ஊரார் வேறென்ன சொல்வார்கள்?

இந்த வீட்டுப் பையனைப் பற்றி உனக்கு இதுவரை எழுதியதில்லை. அவனுக்கும் நம் செல்லத்தின் வயதுதான். என்னைக் கூப்பிட வேண்டுமானால் விரலைச் சொடுக்குவான். பால் ஆறியிருந்தால் டம்ளரைத் தட்டிவிடுவான். நான் குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது என்னைத் தாண்டிக்கொண்டு போவான். அவன் அம்மா, "குழந்தைதானே" என்பார்கள். ஒரு பிள்ளைக்கு மரியாதை தெரியாவிட்டால் அது யார் தலையில் விடியும் என்று எனக்குத் தெரியும் அக்கா. குனிந்து வேலை செய்கிறவர்கள் தலையில்தான். என் மகளுக்கு முன்னால் யாரும் அப்படிக் குனிந்து நிற்கக் கூடாது.

நீ எப்படியாவது அவளைப் பழக்கு. பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கட்டும். வந்தவர்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கட்டும். கேட்காமல் எதையும் எடுக்கக் கூடாது, கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாது, பெரியவர்கள் ஒன்று சொன்னால் முடியாது, மாட்டேன் என்று முகத்தைத் தூக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. கப் கொண்டுவந்த என் சிநேகிதியிடம், "நீ எப்போ போவே?" என்று கேட்டாளாம். அவள் வந்து சொல்லிச் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்த மனிதரிடம் அதை மட்டும் கேட்கவே கூடாது என்று சொல்லிக் கொடு.

அடிக்காதே. நீ அடிக்க மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் அன்புத் தங்கை


மார்ச் 20

அடி தங்கச்சி,

உன் சட்டதிட்டங்கள் வந்து சேர்ந்தன. சொல்லிப் பார்த்தேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எழுந்து நில் என்றால் நாற்காலி மேலேயே எழுந்து நிற்கிறாள்.

அப்புறம்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. உன் அக்காவுக்கும் மூளை உண்டு என்று இனியாவது ஒத்துக்கொள். சாயங்காலம் கடையை உதவிக்கு இருக்கிற பையனிடம் விட்டுவிட்டு மேலே போனதும் நாங்கள் விருந்தாளி விளையாட்டு விளையாடுகிறோம். வார் அறுந்த உன் பழைய பழுப்புக் கைப்பை இருக்கிறதே, அதை மாட்டிக்கொண்டு நான் வெளியே போய்க் கதவைத் தட்டுவேன். அவள்தான் வீட்டுக்காரி. முதல் நாள், "வந்திருக்கறது யாரு?" என்று கேட்டாள். வாயில் வந்ததைச் சொன்னேன், "உங்கம்மான்னு வெச்சுக்கோயேன்" என்று. அன்றிலிருந்து வருகிற விருந்தாளி நீதான்.

கதவைத் திறப்பாள். "வாங்க, உட்காருங்க. பெரியம்மா வெளியே போயிருக்காங்க, இதோ வந்துடுவாங்க" என்பாள். ஸ்டூல் போட்டு ஏறி அந்த நீலப்பூக் கப்பை எடுத்துத் தண்ணீர் கொண்டுவருவாள். நான் உன்னை மாதிரிக் குரலை இழுத்து, நல்லாப் படிக்கிறியாம்மா, சாப்பிட்டியாம்மா என்று கேட்பேன். நெளியாமல் பதில் சொல்வாள். நான் எழுந்ததும் பையை வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்து, "போயிட்டு வாங்க. வந்ததுக்கு ரொம்ப நன்றி" என்று கதவைச் சாத்துவாள்.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. பையை மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டு நான் நானாக உள்ளே வருவேன். ஒரே பாய்ச்சலில் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவாள். "பெரிம்மா! வந்தவ போயிட்டா!" என்று காது கிழியக் கத்துவாள். அதுவரை அடக்கி வைத்திருந்த வாலெல்லாம் அந்த நிமிஷம் வெளியே வந்துவிடும்.

நீ வரும்போது அசந்து போவாய் பார். உனக்கு ஒத்திகை நடந்துகொண்டிருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மூளையை ஒத்துக்கொண்டேன். அந்தக் கடிதத்தை மனப்பாடம் ஆகும்வரை படித்துவிட்டேன். தினமும் சாயங்காலம் என் வீட்டுக் கதவை நான் தட்டுகிறேன், என் மகள் எனக்குத் தண்ணீர் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டால் இங்கே கைவேலை தானாக ஓடுகிறது. ஒரு நாள்கூட விட்டுவிடாதே.

இப்போது ஒரு செய்தி. பின்கட்டில் எனக்குக் கொடுத்திருக்கிற அறையில் மகளையும் வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டம்மா சொல்லிவிட்டார்கள். பக்கத்துத் தெருவிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. அதற்குப் பதிலாக இன்னும் நாலு வருஷம் இங்கேயே இருப்பதாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜூலையில் லீவு. நானே வந்து அழைத்துக்கொண்டு போகிறேன்.

உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நீ பெறவில்லை என்பதைத் தவிர வேறொரு குறையும் வைக்கவில்லை. ஆனால் நான் பெற்றுவிட்டேனே அக்கா. அவளிடம் இப்போதே சொல்லிவிடாதே, நான் வந்து சொல்கிறேன்.

உன் அன்புத் தங்கை


மே 11

தங்கச்சி,

உன் பிள்ளை, நீ அழைத்துக்கொண்டு போ. இதற்கு என்னிடம் எதற்கு இத்தனை பீடிகை?

பேங்க் மேனேஜர் நேற்று வந்திருந்தார். இவள் எழுந்து நின்று, "உட்காருங்க சார், உங்க துணி ரெடியா இருக்கு" என்றாள். "நல்லா வளர்த்திருக்கீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். உனக்குத்தான் அந்தப் பாராட்டு, வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண் இவள் பென்சிலை எடுத்துக்கொண்டால் திருப்பிக் கேட்பதில்லை. மூன்றாம் மாடி அக்கா கொடுத்த பாலில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்துவிட்டது. மடக்கென்று குடித்து, நன்றி சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தாள். "ஏன்டி சொல்லல?" என்றால், "குறை சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்னே!" என்று என் மேல் பாய்கிறாள். என்னிடம் மட்டும்தான் இந்தப் பாய்ச்சல் எல்லாம். மற்றவர்களிடம் வேண்டும், வேண்டாம் எதுவும் கிடையாது. துணிக்குக் கஞ்சி கொஞ்சம் கூடிப்போன மாதிரி தோன்றுகிறது. நீ வந்து பார்.

கடை மேஜைக்கு அடியில் இடம் காலியாகிவிடும், கூடையை அங்கே வைத்துக்கொள்ளலாம். அதற்கு இத்தனை நாளாக இடமில்லாமல் இருந்தது.

அக்கா


ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தோம். பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்கிறாள்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வந்த அன்று வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. நீ கீழே கடையில் வேலையாக இருந்தாய், ஆச்சரியப்படுத்தலாம் என்று நேரே மேலே போய்க் கதவைத் தட்டினேன். அவள்தான் திறந்தாள். நான் கையை விரித்தேன். "வாங்க, உட்காருங்க. பெரியம்மா வெளியே போயிருக்காங்க, இதோ வந்துடுவாங்க" என்றாள். நீலப்பூக் கப்பில் தண்ணீர் வந்தது. விளையாடுகிறாள் என்று நினைத்து நானும் பூரித்துப்போய் விளையாடினேன். சாப்பிட்டியாம்மா என்றுகூடக் கேட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் என் பையை வாசலில் கொண்டுபோய் வைத்தாளே, ஞாபகம் இருக்கிறதா? நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். அப்புறம் அவளைத் தனியே உட்கார வைத்து, என்னோடு வருகிறாயா என்று கேட்டேன். "பெரியம்மாவும் வராங்களா?" என்றாள். அப்புறமாக வருவார்கள் என்று சொல்லிவிட்டேன். "சரிங்கம்மா" என்றாள். ஒரு பிள்ளை இவ்வளவு சுலபமாகச் சரி என்கிறதே என்று சந்தோஷப்பட்டேன் அக்கா. எழுதும்போதே கை கூசுகிறது.

இங்கே தண்ணீர் குடிக்கக்கூட என்னிடம் அனுமதி கேட்கிறாள். சாப்பிட்டு முடித்ததும், "ரொம்ப நல்லா இருந்துச்சு, நன்றி" என்கிறாள். காலையில் படுக்கையைச் சுருட்டி, போர்வையை நீ சட்டை மடிக்கிற மாதிரி மடித்து ஓரத்தில் வைக்கிறாள். துணிகளைப் பெட்டியை விட்டு எடுத்து அலமாரியில் வைக்க இன்னும் மனசு வரவில்லை அவளுக்கு. வீட்டம்மா தன் மகனிடம், "அவளைப் பாத்துக் கத்துக்கோ" என்கிறார்கள். அந்தப் பையன் நேற்று என் முடியைப் பிடித்து இழுத்து அடம்பிடித்துவிட்டு, அப்படியே என் மடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனான். என் மகள் எதிர் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாடி என்று கூப்பிட்டேன். "பரவாயில்லைங்க" என்றாள்.

ஒருநாளாவது ஏதாவது வேண்டும் என்று கேட்க மாட்டாளா? ஒருநாளாவது வேண்டாம் என்று சொல்ல மாட்டாளா?

உன் அன்புத் தங்கை


செப்டம்பர் 19

தங்கச்சி,

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டேன், ஒரு வெள்ளைச் சட்டை போயிற்று. யார் சட்டை தெரியுமா? அதே மேனேஜருடையது. அவர், "அந்தப் பொண்ணு எங்க?" என்று கேட்டார், சட்டையைப் பற்றிப் பேசவே இல்லை.

உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. அப்புறம் வருவாள் என்று என் பெயரில் எதற்கடி பொய் சொன்னாய்? என் மேலும் கோபம் வருகிறது. வேறு யாரையாவது விருந்தாளி ஆக்கியிருக்கலாம், பால்காரர் என்று சொல்லியிருக்கலாம். உன்னை அவள் மறக்கக் கூடாது என்றுதான் உன் பெயரைச் சொன்னேன். தினமும் உன்னை வரவழைத்துத் தினமும் வழியனுப்பி வைத்திருக்கிறோம், இரண்டு பேருமாக.

அவள் எப்படி இருப்பாள் என்று உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். ரொட்டியில் கருகின ஓரம் அவளுக்குத்தான் வேண்டும், நான் எடுத்தால் கையைக் கடிப்பாள். சாக்ஸை ஒருநாளும் ஜோடியாகப் போட மாட்டாள். தலை வாரும்போது தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்துவாள். அங்கே கத்துகிறாளா?

ஒன்று செய்து பார். அந்த விளையாட்டையே விளையாடு. உன் அறைக்கு அவளை வீட்டுக்காரி ஆக்கிவிட்டு நீ வெளியே போய்க் கதவைத் தட்டு. இது தன் வீடு என்று அவளுக்குத் தோன்றினால் தேவலை. வேறென்ன சொல்ல என்று எனக்குத் தெரியவில்லை.

மேஜைக்கு அடியில் கூடையை வைக்கவில்லை. வைத்துப் பார்த்தேன், காலில் இடறுகிறது.

அக்கா


அக்டோபர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

கத்துவதில்லை. சிக்கெடுக்கும்போது கண்ணில் தண்ணீர் முட்டி நிற்கும், வலிக்கிறதா என்றால், "இல்லைங்க" என்பாள்.

நீ சொன்னபடி நேற்று விளையாடினோம். விருந்தாளி விளையாட்டு விளையாடலாமா என்று கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது பார், இங்கே வந்த பிறகு அப்படியொரு முகத்தை நான் பார்க்கவே இல்லை. நான் பையை மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைத் தட்டினேன். ஓடிவந்து திறந்தாள். "வாங்க, உட்காருங்க. பெரியம்மா வெளியே போயிருக்காங்க, இதோ வந்துடுவாங்க" என்றாள். இங்கே நீலப்பூக் கப் இல்லை, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். நான் பாதி குடித்துவிட்டுக் கீழே வைத்தேன். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேன், பதில் சொன்னாள். அப்புறம் என் பையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்திருக்கவில்லை. இதுதான்டா நம் வீடு, அம்மா எங்கேயும் போக மாட்டேன் என்று சொன்னேன். அதைச் சொல்லத்தானே இத்தனை ஏற்பாடும்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே எட்டிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் வெளியே பார்த்தாள். அப்புறம் கத்தினாள் அக்கா. முன்கட்டில் இருந்தவர்கள் எல்லாரும் ஓடிவருகிற மாதிரிக் கத்தினாள். "நீ எப்போ போவே? நீ ஏன் போகவே மாட்டேங்கறே? நீ போனாத்தானே பெரிம்மா வரும்!"

ஓடிவந்து அந்த டம்ளரை எடுத்து என் மேல் வீசினாள். நெற்றியில் பட்டது, வலிக்கவில்லை. நம் வாலுவை நேற்றுத்தான் நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

மறு நிமிஷமே பயந்துபோனாள். ஓடிப்போய் டம்ளரை எடுத்து, தரையைத் துடைத்து, எழுந்து நேராக நின்று, "மன்னிச்சுக்கோங்க. வந்தவங்ககிட்ட அப்படிக் கேக்கக் கூடாது. இனிமே கேக்க மாட்டேன்" என்றாள். தரையைத் துடைத்த அந்தக் குனிவை நான் பார்த்துக்கொண்டிருந்தேன் அக்கா. யாரும் குனியக் கூடாது என்று நான்தான் எழுதினேன்.

ராத்திரி அவள் தூங்கிய பிறகு நானும் எவ்வளவோ யோசித்தேன். இன்னும் கொஞ்ச நாள் போனால் பழகிவிடுவாள் என்று வீட்டம்மா சொல்கிறார்கள். பழகிவிடுவாள்தான். அதுதான் எனக்குப் பயம். பழகிவிட்டால் அப்புறம் கத்தவே மாட்டாள், "சரிங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே வளர்ந்துவிடுவாள். நானும் அவளோடு வந்துவிடலாம் என்றால் நாலு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் அந்தக் கையெழுத்தே போட்டேன். அது முடியும்போது அவளுக்குப் பதினொரு வயதாகியிருக்கும்.

வருகிற மாதம் கொண்டுவந்து விடுகிறேன். அவளிடம் சொல்லிவிட்டேன். "நிஜமாவா?" என்று கேட்டாள். அப்புறம் நான் கேட்காமலே பக்கத்தில் வந்து, நெற்றியில் டம்ளர் பட்ட இடத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு அது போதும் என்று சொன்னால் பொய். போதவே போதாது.

இன்று காலை தலை வாரினேன். கத்தினாள்.

இனிமேல் அவளுக்கு எதையும் சொல்லிக் கொடு என்று எழுத மாட்டேன். உப்புப் பாலைத் துப்பக் கற்றுக்கொண்டால் சந்தோஷம். நாங்கள் வருகிற அன்று நீ கடையில் இருக்காதே, வாசலிலேயே நில். அவள் ஓடிவந்து உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கும்போது என் முகத்தைப் பார்க்காதே. அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல். அலமாரியில் மேல்தட்டில் இருக்கிற அந்தக் கப்பிலேயே கொடுக்கட்டும். நான் எப்போது போவேன் என்று அவள் கேட்டுவிட்டுத் தவிக்க வேண்டாம். உட்கார்ந்ததும் நானே சொல்லிவிடுகிறேன்.

உன் தங்கை